கோத்தகிரியில் தேயிலை விவசாயிகள் கூட்டம்: 15 நிமிடப் பேச்சை மனதில் நிற்கிற மாதிரி செய்வது எப்படி?

இலைமொட்டு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் கூட்டம். சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) 60 பேர் வரை வருவார்கள். பச்சைத் தேயிலையைத் தரம் பார்த்துப் பறித்தால் என்ன லாபம் என்று 15 நிமிடம் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 22 ஸ்லைடு தயார் செய்துவிட்டேன். ஆனால் எனக்கே படிக்கத் தூக்கம் வருகிறது.

வருகிறவர்களில் பாதிப்பேர் என் அப்பா வயது. கொழுந்து விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள். பாடம் எடுக்கிற மாதிரி இருந்தால் முகம் சுளிப்பார்கள். போதாக்குறைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் என் முறை. அனிமேஷன், வீடியோ, வினாடி வினா, எதுவானாலும் யோசனை சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மேனேஜர் (ஊட்டி)

அம்மா, முதலில் கணக்கு. 15 நிமிடத்துக்கு 22 ஸ்லைடு என்றால் ஒன்றுக்கு 41 விநாடி. ஜப்பானில் 2003-இல் பெச்சா குச்சா என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். 20 படம், படத்துக்கு 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. படம் தானாக நகர்ந்துவிடும், பேசுபவர் நிறுத்த முடியாது. அது எடுபடுவதற்குக் காரணம், திரையில் வெறும் படம்தான் இருக்கும். உங்கள் ஸ்லைடில் எழுத்து இருக்கிறதா, படம் இருக்கிறதா?

அடுத்த கேள்வி. கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அவர்கள் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? "தரமாகப் பறிக்க வேண்டும்" என்று பதில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைத்தான் எல்லோரும் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள்.

இலைமொட்டு

எழுத்துதான் சார். ஸ்லைடுக்கு ஏழெட்டு வரி.

மாற்ற வேண்டியது இரண்டு விஷயம். இப்போது ஆள் பற்றாக்குறையால் நிறையப் பேர் கத்தரி வைத்துத்தான் வெட்டுகிறார்கள். அதில் முற்றிய இலையும் நீளத் தண்டும் சேர்ந்து வந்துவிடும். சாக்கில் போடும் முன் அதைப் பொறுக்கிப் போட வேண்டும். இரண்டாவது, சாக்கில் திணிக்கக் கூடாது. திணித்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற_மேனேஜர்

இரண்டில் ஒன்றை வையுங்கள். மற்றதைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

ரன்னிமேடு (குன்னூர்)

ரயில்வேயில் இருந்தவன் நான். பணி ஓய்வுக்கு அப்புறம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலை ரயில் பற்றிச் சொல்லி வருகிறேன். ஸ்லைடு போடுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் வந்தது, 1908-இல் ஊட்டியைத் தொட்டது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று ஆண்டு சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடும். "பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றம்" என்றாலும் யாருக்கும் ஒன்றும் ஓடாது.

நான் செய்வது இது. 12 அடிப் பலகை ஒன்று. ஒரு முனையை ஓர் அடி தூக்கி வைப்பேன். பார்த்தால் "இவ்வளவுதானா?" என்றிருக்கும். அதில் எண்ணெய் தடவிவிட்டு, பேட்டரி கார் பொம்மையை ஏறச் சொல்வேன். சக்கரம் சுற்றும், வண்டி ஏறாது. மழையில் நனைந்த தண்டவாளம் அப்படித்தான். அப்புறம் அட்டைப்பெட்டியின் மேல் தாளை உரித்தால் உள்ளே நெளி நெளியாக இருக்குமே, அதைப் பலகையின் நடுவில் ஒட்டி, இன்னொரு வண்டியின் சக்கரத்திலும் அதே நெளி அட்டையைச் சுற்றி வைப்பேன். பல்லோடு பல் கோத்துக்கொண்டு ஏறிவிடும். கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் ஏன் இருக்கிறது என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

முதல் வண்டி தோற்பது முக்கியம். நேராக இரண்டாவதைக் காட்டினால் அது வெறும் பொம்மை.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

ரன்னிமேடு ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் பக்கத்துக் கதை ஞாபகம் வந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு உறவினர்களை அழைத்துப் போவேன். சூரியனின் விட்டம் பூமியைப்போல் 109 மடங்கு என்று சொன்னால் "அப்படியா" என்று தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இப்போது பையில் ஒரு மிளகு எடுத்துப் போகிறேன். 5 மில்லிமீட்டர் மிளகு பூமி என்றால் சூரியன் 54 சென்டிமீட்டர், ஒரு பெரிய தாம்பாளம். தாம்பாளத்தை ஒருவர் பிடிக்க, மிளகு வைத்திருப்பவரை 60 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். நடந்து போய் நிற்பவர் வாழ்நாளில் மறக்க மாட்டார். பார்த்துக்கொண்டிருப்பவர் மறந்துவிடலாம்.

வெலிங்டன்_பையன் (பெங்களூர்)

கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் ஆபீசில் இந்த "வித்தியாசமாகச் செய்" பைத்தியம் தலைக்கு மேல் போய்விட்டது. ஒருவர் மேஜிக் செய்கிறார், ஒருவர் பலூன் உடைக்கிறார். பில் கேட்ஸ் 2009-இல் டெட் (TED) உரை மேடையில் மலேரியா பற்றிப் பேசும்போது ஒரு ஜாடியைத் திறந்து கொசுவைப் பறக்கவிட்டார். கொசு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மலேரியாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அக்கா நல்ல தகவலைத் தெளிவாகச் சொன்னால் போதும். அந்தப் பெரியவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை, விலை என்ன ஆகும் என்று கேட்க வருகிறார்கள்.

கூடலூர்_டீச்சர்

தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு 1986-ஐப் பாருங்கள். ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிப்ரவரியில் நடந்த விசாரணையில் ராக்கெட்டின் இணைப்பில் இடைவெளியை அடைக்கிற ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றை இடுக்கியில் நெருக்கி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குளிரில் ரப்பர் விறைத்துவிடுகிறது, அதனால் இடைவெளியை அடைக்க முடியவில்லை. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

கொசுவும் வேடிக்கை, ஐஸ் தண்ணீரும் வேடிக்கைதான். ஆனால் கொசுவை எடுத்துவிட்டாலும் கேட்ஸின் வாதம் அப்படியே நிற்கும். ஐஸ் தண்ணீரை எடுத்துவிட்டால் ஃபைன்மனிடம் வெறும் வாய்ப்பேச்சுதான் மிஞ்சும். அந்த டம்ளரே அவருடைய சாட்சி. இலைமொட்டு, எதைச் செய்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எடுத்துவிட்டால் என் வாதம் பலவீனமாகுமா? ஆகாது என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ரன்னிமேடு ஐயாவின் பலகை இந்தத் தேர்வில் தேறும். பலூன் தேறாது.

இன்னொன்று, ஸ்லைடைப் பார்த்துப் படிக்கவே கூடாது. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதை நிறையச் சோதித்திருக்கிறார். படமும் குரலும் சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது. பேசுகிற அதே வாக்கியத்தைப் படத்தோடு எழுத்திலும் போட்டால் புரிதல் குறைகிறது. கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது இன்னொரு வேகத்தில் கேட்கும். ஆனால் தமிழை இரண்டாம் மொழியாகப் பேசுகிறவர்களுக்கு முக்கியச் சொல் ஒன்றிரண்டை எழுதிக் காட்டினால் உதவுகிறது. என் வகுப்பில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், மலையாளம் பேசுகிறவர்கள், பணியர் பழங்குடிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். தினமும் பார்க்கிறேன்.

உங்கள் கூட்டத்தில் படுக மொழி பேசுகிறவர்கள்தானே அதிகம்? அவர்களை வரவேற்கும்போதாவது அந்த மொழியில் பேசுங்கள்.

இலைமொட்டு

அது என் வீட்டு மொழிதான் டீச்சர். முழுவதையுமே படுகிலேயே பேசலாம் என்றுதான் இருந்தேன், அதிகாரிகள் இரண்டு பேர் வருவதால் தமிழ் என்றார்கள். மாற்றி மாற்றிப் பேசுகிறேன்.

சாட்சி என்றால் எனக்குத் தேநீர்தான் தோன்றுகிறது. நல்ல இலையில் ஒரு கப், முற்றல் இலையில் ஒரு கப். எது எது என்று சொல்லாமல் குடிக்கக் கொடுக்கலாமா? கடையில் மலிவான தூள் ஒன்று, விலை கூடிய தூள் ஒன்று வாங்கினால் போதுமா?

குன்னூர்_கப்

போதாது! நான் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருப்பவன், அதனால் இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கடையில் டஸ்ட், ஃபேனிங்ஸ் என்று பிரிப்பது துகளின் அளவை வைத்து. விலை வித்தியாசத்துக்கு ஆலை, கலவை, விளம்பரம் என்று ஆயிரம் காரணம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இது எந்த ஆலை, அது எந்த ஆலை?" என்று கேட்டால் நீங்கள் முடிந்தீர்கள். அவர் கேட்பதும் நியாயம்.

இலை மட்டும்தான் வித்தியாசம், மற்ற எல்லாம் ஒன்று என்று இருக்க வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் பறித்த இலையை எடுத்து இரண்டாகப் பொறுக்குங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு ஒரு பக்கம், முற்றலும் தண்டும் இன்னொரு பக்கம். இரண்டையும் நிழலில் தனித்தனியாகப் பரப்பி இரவு முழுக்க வாட விடுங்கள். காலையில் கையால் நன்றாகக் கசக்கி உருட்டுங்கள். ஈரத்துணி போட்டு மூடி, செம்பு நிறம் வரும்வரை இரண்டு மணி நேரம்போல் வையுங்கள். அப்புறம் வாணலியில் சிறு தீயில் மொறுமொறுவென்று ஆகும்வரை உலர்த்துங்கள். ஆலைத் தூள்போல வராது, வரவும் வேண்டாம். இரண்டும் ஒரே கையால் ஒரே மாதிரி செய்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

முற்றல் இலை உருளாது, தட்டையாகவே கிடக்கும். அதையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டுங்கள். அதுவே பாதி கதை சொல்லும்.

கலக்கும்போது 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், 6 நிமிடம். ருசி பார்ப்பதற்கென்று உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு அது. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பரவாயில்லை, இரண்டுக்கும் அதே தண்ணீர்தானே. பால் ஊற்றாதீர்கள், சர்க்கரையும் போடாதீர்கள். அவை எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும்.

வெலிங்டன்_பையன்

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முற்றல் இலைத் தேநீரையே பாதிப்பேர் நல்லது என்று சொல்லிவிட்டால்?

குன்னூர்_கப்

அதனால்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஃபைன்மனும் கூட்டத்துக்கு முன் அந்த ரப்பரைத் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் வந்தார். இலைமொட்டு, அக்கம்பக்கத்தில் சிலருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

கட்டபெட்டு_அண்ணன்

நானும் விவசாயிதான். கேட்கிற இடத்தில் உட்காரப் போகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முற்றல் இலை சாம்பிளை யாருடைய தோட்டத்திலிருந்து எடுப்பீர்கள்? எங்கள் ஊரில் சாக்கைப் பார்த்தே யார் வீட்டு இலை என்று சொல்லிவிடுவார்கள். "மோசமான பறிப்பு" என்று ஒரு போட்டோ போட்டு, அது முன்வரிசையில் இருப்பவரின் மாமனார் தோட்டமாக இருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்தது. மனஸ்தாபம் பொங்கல் வரை போகும்.

இன்னொரு விஷயம், மேடையில் "அவர்களே, அவர்களே" என்று பத்துப் பேருக்கு வணக்கம் சொல்லியே ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடாதீர்கள். தொகுத்து வழங்குகிறவர் அதைச் செய்துவிட்டார் என்றால் நீங்கள் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு விஷயத்துக்கு வரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.

இலைமொட்டு

நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா. எங்கள் வீட்டுத் தோட்டத்து இலையையே எடுக்கிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டேன், சிரித்தார்.

நாஞ்சில்_வில் (ஊட்டி)

பிழைப்புக்காக மலையேறிய நாகர்கோவில்காரன். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் கதை சொல்பவர் ஒருவராகப் பேசுவதே இல்லை. பக்கத்தில் ஒருவர் "ஆமா" போடுவார், "அதெப்படி?" என்று குறுக்கே கேட்பார், கேட்கிறவர்களின் சந்தேகத்தை அவரே கேட்டுவிடுவார். 15 நிமிடத்தை ஒரே குரலில் இழுக்காதீர்கள். கூட்டத்தில் ஒரு தோழியை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மேனேஜர்

ஏற்பாடு செய்த கேள்வி வாடை அடிக்கும் ஐயா. எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறேன்! எழுந்து நிற்கும்போதே முகத்தில் தெரிந்துவிடும்.

நாஞ்சில்_வில்

ஒளித்து வைத்தால் வாடை அடிக்கும். வில்லுப்பாட்டில் அவர் மேடையிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, எல்லோருக்கும் தெரியுமே. அப்படி வெளிப்படையாகச் செய்தால் போதும். கட்டபெட்டு அண்ணனையே மேடைக்குக் கூப்பிட்டு, "நான் கேட்கத் தயங்குவதை நீங்கள் கேளுங்கள்" என்று சொல்லலாமே. ஒத்திகை வேண்டாம். "பொறுக்குவதற்குக் கூலி யார் கொடுப்பது?" என்று அவர் கேட்டால் அதுதான் அங்கே எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி.

கட்டபெட்டு_அண்ணன்

அதைத்தான் கேட்பேன், ஒத்திகை இல்லாமலே. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலை எங்களுக்கு மனப்பாடம். அதை வரைபடமாகப் போட்டுக் காட்ட வேண்டாம்.

இலைமொட்டு

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி யோசித்திருக்கிறேன், குறை சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு கிலோ பச்சை இலையைத் தட்டில் கொட்டி, இதில் எத்தனை கிராம் தூள் கிடைக்கும் என்று கேட்பேன். ஆளுக்கொரு எண் சொன்ன பிறகு பக்கத்தில் 230 கிராம் பொட்டலத்தை வைப்பேன். மீதியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்புறம் பத்துப் பத்துப் பேராக ஆறு மேசை. மேசைக்கு 100 கிராம் இலை, கத்தரியில் வெட்டியது. நல்லது, முற்றல் என்று அவர்களே பிரித்து எடை போட வேண்டும். 100 கிராம் என்பதால் எடையே சதவீதமாகிவிடும். பிறகு தேநீர். கடைசியில் அண்ணனின் கூலிக் கேள்வி. ஸ்லைடு மொத்தம் மூன்று, மூன்றும் படம்.

கூடலூர்_டீச்சர்

ஆறு மேசைக்கும் ஒரே சாக்கு இலைதானே? அப்படி இருந்தும் விடை ஆறு விதமாக வரும், பாருங்கள். எது முற்றல் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். அதைத் தடுக்காதீர்கள். நீங்கள் பேசும் எதையும்விட அந்தச் சண்டைதான் வீடு வரைக்கும் போகும்.

ஒரு மாற்றம். 60 பேர் இலை பொறுக்க ஐந்து நிமிடம் போதாது. அதைப் பேச்சுக்குள் வைக்காதீர்கள். மேசைகளைச் சாப்பாட்டுப் பந்திக்கும் மண்டப வாசலுக்கும் நடுவில் போடுங்கள். கை கழுவிவிட்டு வருகிறவர்கள் நின்று பொறுக்கிவிட்டு உள்ளே வரட்டும். எடையைச் சார்ட் தாளில் எழுதி முன்னால் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும்போது ஆறு எண்ணும் சுவரில் இருக்கும், ஆளுக்கு ஒரு கட்சியும் இருக்கும். தூக்கத்துக்கும் அதுவே மருந்து.

ஓய்வுபெற்ற_மேனேஜர்

பிரமாதம். இதற்கு அப்புறம் ஒரு கிலோ தட்டுக் கேள்வி தேவைதானா? அதையும் கொஞ்சம் யோசியுங்கள். இலையில் தண்ணீர் இருப்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

இலைமொட்டு

தேவையில்லைதான். எடுத்துவிடுகிறேன். டீச்சர் சொன்ன தேர்வில் அது தேறாது.

மிளகுக்கொடி

60 பேருக்கு இரண்டு கப் என்றால் 120 டம்ளர். காகிதக் கப் வாங்கிவிடாதீர்கள். நெகிழி பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, அதிலும் உங்கள் மாவட்டத்தில் சோதனை அதிகம். அதிகாரிகளை முன்னால் வைத்துக்கொண்டு அதில் தேநீர் கொடுத்தால் பேச்சு அதைப் பற்றியதாகிவிடும்.

கட்டபெட்டு_அண்ணன்

எல்லோரும் குடிக்க வேண்டியதில்லை. மேசைக்கு ஒருவரை அவர்களே அனுப்பட்டும். ஆறு பேர் குடிப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்டிப்பாக வருவார், அவர் நாக்கை எல்லோரும் நம்புவார்கள். நிறம் தெரிகிற மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள், எட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது போதும்.

வெலிங்டன்_பையன்

அக்கா, மூன்று படம்தானே, புரொஜெக்டரே வேண்டாம். துணியில் அச்சடித்து மாட்டிவிடுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி பக்கம்தான் கொட்டும், கரண்ட் போனால் நல்ல பேச்சும் பாதியில் நிற்கும். திரைக்காக ஜன்னலை மூடி இருட்டாக்கினால் பின்வரிசை தூங்கிவிடும். கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால், பேசும்போது விசைப்பலகையில் ஆங்கில B எழுத்தைத் தட்டுங்கள். திரை கறுப்பாகிவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். திரும்பத் தட்டினால் படம் வந்துவிடும்.

இலைமொட்டு

துணிதான். முடிவு செய்துவிட்டேன். டம்ளருக்கு அடியில் அ, ஆ என்று பேனாவால் எழுதி வைக்கட்டுமா? ஊற்றிக் கொடுக்கிற பெண்ணுக்கே எது எது என்று தெரியக் கூடாது என்று பார்க்கிறேன்.

குன்னூர்_கப்

பேனா வெந்நீரில் அழிந்துவிடும், எங்களுக்கே நடந்திருக்கிறது. அடியில் நகப்பூச்சு வைத்து ஒரு புள்ளி, இரண்டு புள்ளி போடுங்கள். இரண்டு கெட்டிலையும் நீங்களே நிரப்பி, துணி சுற்றி அவரிடம் கொடுங்கள். ஆறு பேரில் மூன்று பேருக்கு ஒரு புள்ளி டம்ளரை முதலில் நீட்டச் சொல்லுங்கள், மூன்று பேருக்கு இரண்டு புள்ளியை. முதலில் குடித்தது நாக்கில் நின்றுவிடும், அதனால்.